நாச்சியும் ஆறுமணிக் குருவியும்

அக்டோபர் 9

ஸ்டெல்லா மேடம் இந்த டைரியைக் கையில கொடுத்து, "தினமும் அம்மா என்ன சொன்னாங்கன்னு எழுதிட்டு வாங்க சார்"ன்னாங்க. பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவங்க அவங்க. முப்பத்தோரு வருசம் பஸ் டெப்போவுல டைம்கீப்பரா உட்கார்ந்து வந்த வண்டி, போன வண்டி எல்லாத்தையும் எழுதினவன் நான். வீட்டுல பொண்டாட்டி பேசுறதை எழுதுறதா பெரிய வேலைன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

இன்னைக்குச் சொன்னது: அதான்.

எழுதியாச்சு. ஒரு பக்கத்துக்கு ஒரு வார்த்தை. பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு, அதனால மிச்சத்தையும் எழுதுறேன்.

ஆகஸ்ட் மாசம் என் சம்சாரம் அரியநாச்சிக்குப் பக்கவாதம் வந்துச்சு. இப்ப கால் பரவாயில்ல, கம்பு ஊனி நடக்குறா. வலது கை பாதி. பேச்சுதான் போயிடுச்சு. ஒரே ஒரு வார்த்தை மட்டும் வாயில தங்கியிருக்கு. காபி வேணுமான்னா 'அதான்'. உப்பு போதுமான்னாலும் 'அதான்'. கோயம்புத்தூர்லேர்ந்து மக மங்கை போன் பண்ணா, காதுல வெச்சுக்கிட்டு "அதான், அதான்"ங்கிறா. அந்தப் பக்கம் மக அழுவுது. நான் போனை வாங்கி, "நல்லாத்தான் இருக்கா, வை"ன்னு வெச்சுடுறேன்.

"அவங்களுக்கு எல்லாம் புரியுது சார். வார்த்தையெல்லாம் உள்ளதான் இருக்கு, வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு. முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம்"ன்னாங்க ஸ்டெல்லா மேடம். அதுக்கப்புறம் வரவே வராதான்னு கேட்டேன். "வரலாம், ஆனா மெதுவா"ன்னு சொல்லிட்டு, வேற பக்கம் திரும்பி ஏதோ எடுத்தாங்க. ஆறு மாசம்னா பிப்ரவரி.

வீடு அமைதியா இருக்கு. இனிமே செய்தியை முழுசா கேட்கலாம். நடுவுல பேச ஆளில்ல.

அக்டோபர் 12

சொன்னது: அதான். உப்புமா கட்டி தட்டிடுச்சு. டிவி ரிப்பேர்.

அக்டோபர் 17

ராத்திரி பூரா மழை. காலையில அடுப்படிக்குப் போனா, கிரைண்டருக்குப் பின்னால ஏதோ உருண்டையா உட்கார்ந்திருக்கு. எலின்னு நெனச்சு வெளக்கமாத்தை எடுத்தேன். பார்த்தா குருவி. முதுகு பச்சை, றெக்கையில நீலம், வயித்துக்கடியில குங்குமத்தைக் கொட்டுன மாதிரி சிவப்பு, கண்ணு மேல கருப்புக் கோடு. வால்னு சொல்லிக்க ஒண்ணுமில்ல, யாரோ கத்தரிச்சு விட்ட மாதிரி இருக்கு. யார் வீட்டுக் கூண்டுலேர்ந்தோ தப்பிச்சு வந்திருக்குன்னு முடிவு பண்ணி, ஒரு கிண்ணத்துல பாலும் சோறும் பிசைஞ்சு முன்னால வெச்சேன். அது கண்ணை மூடிக்கிச்சு.

நாச்சி கம்பு ஊனி வந்து எட்டிப் பார்த்தா. அவ மொகம் மாறிப்போச்சு. "அதான், அதான், அதான்"னு என் சட்டையைப் பிடிச்சு இழுக்குறா. என்ன சொல்ல வர்றான்னு எனக்கு ஒரு எழவும் புரியல. அவ வாயைத் திறந்து திறந்து மூடுறா. கடைசியில கம்பால சுவத்தைத் தட்டினா. பக்கத்து வீட்டு ஹாஜிரா ஓடி வந்துச்சு.

"அய்ய, பாலை எடுங்க அண்ணே. இது ஆறுமணிக் குருவி. புழு பூச்சிதான் தின்னும். பறந்து வந்த அசதியில விழுந்து கிடக்கு. ஒரு அட்டைப்பெட்டியில வெச்சு மூடி, இருட்டா போட்டுடுங்க. தானா தெளிஞ்சுக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாச்சி அக்காதான் சொல்லிக்கொடுத்துச்சு. வருசா வருசம் மழை சீசனுக்கு உங்க கொல்லைக்குத்தானே வருது. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும். சொல்லியிருக்கலாம், நான் டூட்டி முடிஞ்சு வந்த அசதியில இருந்திருப்பேன்.

ஜவுளிக்கடைப் பெட்டியில ஓட்டை போட்டு வெச்சேன். சாயங்காலம் கொல்லையில கொண்டுபோய்த் திறந்தா, ஒரு நிமிசம் யோசிச்சுச்சு. அப்புறம் தத்தித் தத்தி மாமரத்தடிச் சருகுக்குள்ள போய் மறைஞ்சுடுச்சு. நாச்சி சிரிச்சா. ஒரு பக்கம் மட்டும் போற சிரிப்புதான், ஆனா ஆகஸ்ட்டுக்கு அப்புறம் இன்னைக்குத்தான்.

அக்டோபர் 18

ஆறு மணிக்குக் கத்துச்சு. ரெண்டே ரெண்டு சத்தம், மொதல்ல ஏறி, பின்னால இறங்குது. இதை நான் இத்தனை வருசமா கேட்டிருக்கேன். ஏதோ பையன் தெருவுல விசிலடிக்கிறான்னு நெனச்சிருக்கேன்.

மங்கைகிட்டச் சொன்னேன். அது போன்ல தேடிப் பார்த்துச் சொல்லுது: இமயமலை அடிவாரத்துக் காட்டுலேர்ந்து வருதாம். அங்க குளிர் வந்தா புழு பூச்சி மண்ணுக்கடியில போயிடுமாம், அதனால தெற்கே கிளம்பிடுதாம். ராத்திரியிலதான் பறக்குமாம். எடை ஒரு கோழி முட்டை அளவு.

நான் கையில ஒரு முட்டையை எடுத்து வெச்சுப் பார்த்தேன். இந்த எடைக்கு ரெண்டு றெக்கை, ஒரு மூளை. எங்க டெப்போவுலேர்ந்து சென்னைக்கு ஒரு வண்டி விடணும்னா டிரைவர், கண்டக்டர், டீசல், டீக்கு நிறுத்தம், அப்பவும் திண்டிவனம் தாண்டினா மெக்கானிக் தேடணும். இது கிளம்புறதுக்கு முன்னால நல்லாத் தின்னு உடம்புல கொழுப்பேத்திக்குமாம், அதுதான் டீசல். போர்டு கிடையாது, ரோடு கிடையாது. புதுக்கோட்டையில, எங்க தெருவுல, எங்க மாமரத்தடிக்குக் கரெக்டா வந்து இறங்குது.

அந்தக் குளிர்லயே தங்கிடுற சின்னக் குருவிகளும் இருக்காம். இறகை உப்ப வெச்சுக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ராத்திரியைக் கழிக்குமாம். நான் மார்கழி மாசம் மங்கி குல்லா இல்லாம பால் வாங்கப் போறதில்ல. எனக்கு வெட்கமா இருக்கு.

சொன்னது: அதான். ஆனா இன்னைக்கு அதைச் சொன்னதுல ஒரு பெருமை இருந்துச்சு.

நவம்பர் 3

காலையிலயும் சாயங்காலமும் கொல்லை வாசல்ல ரெண்டு நாற்காலி போட்டு உட்கார்றோம். அவ குருவிக்காக. நான் அவ விழுந்துடக் கூடாதேன்னு.

ஹாஜிரா மீன் குழம்பு கொண்டுவந்துச்சு. "என்ன அண்ணே, உங்க வீட்டு டிவி சத்தமே காணோம்"னுச்சு. ரிப்பேர்னேன். அது போய் ஸ்விட்ச்சைப் போட்டா, பளிச்சுனு வருது. ஒயர் லூசா இருந்திருக்கும். அணைச்சுட்டேன்.

நவம்பர் 11

இன்னைக்கு நாச்சி விசிலடிச்சா.

குருவி கத்தி முடிச்சுது. இவ உதட்டைக் குவிச்சா. மொதல்ல வெறும் காத்து. அப்புறம் அதே ரெண்டு சத்தம், கொஞ்சம் கோணலா. சருகுக்குள்ளேர்ந்து அது பதில் சொல்லுச்சு. இவ திரும்ப அடிச்சா. அது திரும்பச் சொல்லுச்சு. அதோட எடத்துக்கு வேற குருவி வந்துடுச்சுன்னு அது சண்டைக்கு வருதாம், மங்கை சொல்லுது. எதுவா இருந்தா என்ன, மூணு மாசத்துல அவகூடப் பேசி, அவ பதில் சொல்லி, திரும்பப் பேசின மொத ஆளு அதுதான்.

எனக்குச் சந்தோசம்தான்.

நவம்பர் 13

ஸ்டெல்லா மேடம்கிட்டச் சொன்னேன். நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டாங்க. "மெட்டுல வர்றது வேற வழியா வரும் சார். அந்த ரெண்டு சத்தத்துலயே ரெண்டெழுத்து வார்த்தையைப் போட்டுப் பாடுங்க." அதனால அறுபத்து மூணு வயசுல, கொல்லையில நின்னு, "கா...பி", "கா...பி"ன்னு குருவி ராகத்துல பாடிக்கிட்டிருக்கேன். ஹாஜிரா வீட்டுக்காரர் சுவத்துக்கு மேல தலையை நீட்டி, காபி போட்டுக் கொண்டுவரவான்னு கேட்டார்.

நவம்பர் 20

சொன்னது: கா.

'பி' வரல. பரவாயில்ல. ரெண்டு டம்ளர் போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பர் 2

புயல்னு அறிவிச்சிருக்காங்க. முருங்கை முறிஞ்சு ஓட்டு மேல விழுந்துடுச்சு. கரண்ட் இல்ல. நாச்சி சன்னலை விட்டு நகர மாட்டேங்குறா. சாயங்காலம் குருவிச் சத்தம் இல்ல. ஒரு முட்டை எடை இந்தக் காத்துல என்ன ஆகும். நான் அவகிட்ட "அது இமயமலையே பார்த்ததுடி, இதெல்லாம் ஒரு காத்தா"ன்னேன். எனக்கு அப்படித் தோணல.

டிசம்பர் 3

கத்துச்சு. காலையில, கரெக்டா. மாமரத்தடியில நனைஞ்ச சருகைப் புரட்டிப் போட்டு ஒரு மண்புழுவை இழுத்துக்கிட்டிருந்துச்சு. மூணு தெருவுல மரம் விழுந்திருக்கு, ரெண்டு போஸ்ட் சாய்ஞ்சிருக்கு, இந்த வாலில்லாத பய மண்புழு திங்கிறான். நான் கையைத் தட்டிட்டேன். குருவி பயந்து ஓடிடும்னு நாச்சி என் கையைப் பிடிச்சா. ரொம்ப நேரம் விடல.

டிசம்பர் 26

சொன்னது: அதான். கா. ஒரு மாசமா இதேதான். ஸ்டெல்லா மேடம் சிரிக்கிறது குறைஞ்சிருக்கு. எனக்குக் கண்ணு சரியா தெரியல, டைரி எழுத.

ஜனவரி 13

போகி. இன்னைக்கு நடந்ததை வரிசையா எழுதுறேன்.

நாச்சி முன்வாசலைக் கண்ணாடி மாதிரி வெச்சிருப்பா, கொல்லை மூலையை மட்டும் கூட்டவே மாட்டா. மாமரத்தடியில வருசக்கணக்கா சருகு மெத்தை. இவளுக்கு இது ஒரு சோம்பேறித்தனம்னு நெனச்சிருக்கேன். பண்டிகையும் அதுவுமா அவ பார்த்தா சந்தோசப்படுவாளேன்னு, விடிஞ்சதும் இறங்கிட்டேன். ஹாஜிரா அவளைக் குளிக்க வெச்சுக்கிட்டிருந்த நேரம், கொல்லை பூரா ஒரு இலை விடாம வழிச்சுக் குவிச்சு, பழைய பாய், கிழிஞ்ச தலையணை எல்லாம் மேல போட்டுக் கொளுத்தினேன். நல்லா எரிஞ்சுச்சு. தரை பளபளன்னு இருந்துச்சு. மனசுக்கு நிறைவா இருந்துச்சு.

அவ தலையைத் துவட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. "பாரு நாச்சி, எப்படி இருக்கு"ன்னேன்.

அவ மாமரத்தடியைப் பார்த்தா. சாம்பலைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. அப்புறம், தெளிவா, தெருவுக்கே கேட்குற மாதிரி:

"அறிவிருக்கா?"

நான் வெளக்கமாத்தைக் கீழ போட்டுட்டேன். ஹாஜிரா வாயைப் பொத்திக்கிச்சு. எனக்கு மேலும் கீழும் குதிக்கணும் போல இருந்துச்சு. நாலு மணி நேரத்துல நாப்பது பேருக்குப் போன் பண்ணியிருப்பேன், என் பொண்டாட்டி என்னை அறிவிருக்கான்னு கேட்டுட்டான்னு. ஸ்டெல்லா மேடம் போன்லயே கை தட்டினாங்க.

அவ மட்டும் சிரிக்கல. ஹாஜிராதான் மெதுவா சொல்லுச்சு, "அந்தச் சருகுக்குள்ளதானே அண்ணே அது மேயும். அதுக்காகத்தான் அக்கா அந்த மூலையைக் கூட்டவே விடாது."

சாயங்காலம் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கத்தல.

ஜனவரி 14

பொங்கல். பொங்குச்சு. கத்தல.

கோவம் வந்தா பேசுறான்னு, சாம்பார்ல வேணும்னே சர்க்கரை போட்டேன். ஒரு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளி வெச்சுட்டா. ஒண்ணும் சொல்லல. 'அதான்' கூடச் சொல்லல. மங்கை போன் பண்ணுச்சு, காதுல வெச்சுக்கவே மாட்டேங்குறா.

சொன்னது: ஒண்ணுமில்ல.

இந்த மாதிரி ஒரு வரியை நான் டெப்போவுல கூட எழுதினதில்ல.

ஜனவரி 16

காலையில நாலு கோணிச்சாக்கை டிவிஎஸ் பிஃப்டியில கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். ஊர்ல எல்லாரும் போகிக்குக் கூட்டி எரிச்சு முடிச்சிருக்காங்க. ஒரு வீட்டுலயும் ஒரு இலை இல்ல. கடைசியில பள்ளிக்கூட மைதானத்து ஓரத்துல, புங்க மரத்தடியில ஒரு மேடே கிடந்துச்சு. வாட்ச்மேன் கம்போட வந்தார்.

"என்ன சார் அள்ளுறீங்க?"

"சருகு."

"எதுக்கு?"

"ஒரு குருவிக்கு."

அவர் என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்தார். "இங்க வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து குப்பையைக் கொட்ட வர்றவனைத்தான் விரட்டியிருக்கேன், சார். திருட வந்த மொத ஆளு நீங்கதான்"னு சொல்லிட்டு, அவரே ஒரு சாக்கு நெரப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மாமரத்தடியில கொட்டினேன். நாச்சி வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தா. நான் ஒரு பக்கமா குவிச்சேன். கம்பைத் தூக்கி வேற பக்கம் காட்டினா. அங்க தள்ளினேன். தலையை ஆட்டினா. நான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, "எங்கதான்டி கொட்டச் சொல்ற?"ன்னு கத்திட்டேன்.

"அங்க."

நான் நிமிர்ந்தேன். திரும்பவும் வேணும்னே தப்பான எடத்துல கொட்டினேன்.

"இல்ல. அங்க."

ரெண்டாவது சாக்கைப் பரப்பி முடிச்சதும் "போதுமா"ன்னேன்.

"இன்னும்."

இன்னைக்கு ஆறு நடை போனேன். சொன்னது: அங்க. இல்ல. இன்னும். தண்ணி. தெளிங்க. ஐயோ. ஒரு பக்கத்துல எடம் பத்தல.

ஜனவரி 24

முதுகு ஒடிஞ்சுடுச்சு. தெனம் சருகுக்குத் தண்ணி தெளிக்கிறேன், ஈரம் இருந்தாத்தான் புழு வருமாம். வெளக்கமாத்தைத் தொட்டா நாச்சி மொறைக்கிறா. இன்னைக்கு ஸ்டெல்லா மேடம் முன்னால 'கத்தரிக்கா'ன்னு முழுசா சொன்னா. அவங்க டைரியைப் புரட்டிப் பார்த்துட்டு, போன பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் விரலால மாத்தி மாத்திக் காட்டுறாங்க.

வார்த்தை ஒண்ணொண்ணா வருது. சேர்ந்து வரல. கேட்டா சொல்றா, தானா சொல்றதில்ல. மங்கைகிட்டப் போன்ல பேச வரமாட்டேங்குறா. பயப்படுறா போலிருக்கு. வாயைத் திறந்தா வேற ஏதாவது வந்துடுமோன்னு.

குருவி வரல. நான் அதுக்காகத்தான் கவலைப்படுறேன்.

பிப்ரவரி 1

சருகைப் புரட்டிப் பார்த்தேன். அடியில ரெண்டு மண்புழு, ஒரு மரவட்டை, பேர் தெரியாத பூச்சி ஏகப்பட்டது. நாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா"ன்னா. 'இருக்கு' வரல. நான் சொல்லி முடிச்சேன்.

அது திரும்பிப் போயிருக்கும்ங்கிறாங்க. இல்ல வேற தோப்பைப் பிடிச்சிருக்கும். இத்தனை தூரம் பறந்து நம்ம கொல்லையைத் தேடி வந்ததை நானே விரட்டி விட்டுட்டேன்னு நெனச்சா சோறு இறங்கல. பிப்ரவரியும் வந்துடுச்சு.

பிப்ரவரி 4

சாயங்காலம் வழக்கம்போல ரெண்டு நாற்காலி. இப்பல்லாம் நான்தான் பேசிக்கிட்டே இருக்கேன். நானும் பேசலேன்னா இந்த வீட்டுல யார்தான் பேசுறது. கேஸ் புக் பண்ணது, தண்ணி லாரி வராதது, பென்சன் ஆபீஸ்ல நின்னதுன்னு ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டிருந்தேன். நாச்சி இடது கையைத் தூக்கினா. ஏதோ வேணும் போலன்னு, "என்ன, தண்ணியா? முதுகுக்குத் தலையணையா? இரு, இந்த லாரிக்காரன் என்ன சொன்னான்னா"ன்னு தொடர்ந்தேன்.

"பேசாம இருங்க. கேளுங்க."

ஹாஜிராதான் சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து சொல்லுதுன்னு திரும்பிப் பார்த்தேன். சுவத்துல ஆளில்ல.

அப்பதான் கேட்டுச்சு. ஏறி ஒண்ணு, இறங்கி ஒண்ணு.

மாமரத்தடியில, பள்ளிக்கூடத்துலேர்ந்து திருடிட்டு வந்த புங்க இலை ஒண்ணு தானா புரண்டுச்சு. அதுக்கடியிலேர்ந்து கருப்புக் கோடு போட்ட கண்ணு. தத்தி வெளிய வந்து, நெஞ்சை நிமித்தி, எங்க ரெண்டு பேரையும் பார்த்துத் திரும்பக் கத்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. துடைக்கல, துடைச்சா அசைஞ்சுடுவேன், அது ஓடிடும். நாச்சி பக்கத்துல உட்கார்ந்து விசிலடிக்கிறா, சிரிக்கிறா, திரும்ப விசிலடிக்கிறா. ரெண்டு வார்த்தை சேர்ந்து வந்துச்சேடின்னு நான் சொன்னது அவ காதுலயே விழல.

இருட்டினதும், "போன்"னா.

யாருக்குன்னு நான் கேட்கல. மங்கை நம்பரைப் போட்டு, எப்பவும்போல மொதல்ல நான் பேசலாம்னு காதுல வெச்சேன். கையிலேர்ந்து பிடுங்கிட்டா. ஸ்பீக்கர்ல இருந்துச்சு, அதனால எனக்கும் கேட்டுச்சு.

"மங்கை. குருவி... குருவி வந்திருச்சுடி."

"யாரு? ஹாஜிரா அத்தையா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"உன் அம்மாடி. வேற யாரு."

லைன் கட்டாயிடுச்சோன்னு நான் எட்டிப் பார்த்தேன். அப்புறம் மக விக்குறது கேட்டுச்சு.

"அழுவாத. கேளு. உங்கப்பா... போகி அன்னைக்கு... சருகு... எல்லாம்..." வார்த்தை நின்னுச்சு. நான் எடுத்துக் கொடுக்கலாம்னு வாயைத் திறந்தேன். அவ என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினா. கண்ணை மூடி, தேடி, இழுத்துக் கொண்டுவந்தா. "எரிச்சுட்டாரு."

நான் கையை நீட்டினேன். அவ நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துக்கிட்டா. அதுக்கப்புறம் போனை எங்கிட்டக் கொடுக்கவே இல்ல.